வால் கீழே பார்த்த மிளகாய்

லெஸ்கோவாட்ஸ்
11 அக்டோபர் 1983

அன்புத் தம்பி வெலிமிருக்கு,

அண்ணி தேசங்கா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நெவெங்காவுக்குச் சளி, அது வருடா வருடம் வருவதுதான். நீ நலம் என்பதைப் பத்திரிகை பார்த்துத் தெரிந்துகொண்டோம். உன் கையெழுத்தில் தெரிந்துகொள்ளும் பாக்கியம் எங்களுக்கு இல்லை. போன மாதம் வந்து இரண்டு நாள் தங்கி, என் பானையில் இருந்த பீன்ஸ் அத்தனையும் வழித்துத் தின்றுவிட்டுப் போனவன், போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு போடக் கூடாதா? பெல்கிரேடில் தபால் பெட்டிகளையெல்லாம் பிடுங்கிவிட்டார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை சிறைக்குப் போய் உன் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்தேன். மெலிந்திருக்கிறார், ஆனால் உற்சாகமாக இருக்கிறார். காரணம் கேட்டால் சிரிப்பாய். உன் பழைய படம் ஒன்றை, ரயில் கூரைமேல் ஓடிக்கொண்டே ஜெர்மன்காரர்களைச் சுட்டுத் தள்ளுவாயே அதை, சிறைக் கூடத்தில் போட்டார்களாம். இவர் எழுந்து நின்று, "அவன் என் தம்பிடா! எங்கம்மா பெத்த பிள்ளைடா!" என்று கத்தினாராம். அன்றிலிருந்து ராஜ மரியாதை. மிலுதின் என்று ஒருவன் இருக்கிறான், கைதிகளுக்குள் அவன் வைத்ததுதான் சட்டம். அவனே இவருக்குச் சிகரெட் கொடுக்கிறானாம்.

இன்னொரு நல்ல சேதி. நடத்தையில் ஒரு கரும்புள்ளிகூட இல்லையாம். இப்படியே இருந்தால் அடுத்த வருடக் கடைசியில், மிச்சத் தண்டனையைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நெவெங்கா இப்போதே அப்பாவின் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டுவிட்டாள்.

நீ கோத்துக் கொடுத்த மிளகாய்ச் சரமும் போய்ச் சேர்ந்தது. மற்றதெல்லாம் மேலே பார்க்க, காம்பு வாலைக் கீழே திருப்பிக் கோத்த அந்த ஒரு மிளகாயை உடைத்து, நீ உள்ளே வைத்த சீட்டைப் படித்துவிட்டு உன் அண்ணன் அழுதாராம். அதை என்னிடம் சொல்லும்போதும் கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஆனால் சீட்டு வேறு, ஆள் வேறு, வெலிமிர். நான்கு வருடமாகிறது. ஒருமுறைகூட நீ போகவில்லை. ஒவ்வொரு தடவையும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். அடுத்த முறை வருவான் என்று சொல்லிச் சொல்லி என் நாக்குத் தேய்ந்துவிட்டது. போய்விட்டு வா.

உன் அண்ணி,
தேசங்கா


பெல்கிரேட்
20 நவம்பர் 1983

அன்புள்ள அண்ணிக்கு,

கார்டு போடாத குற்றத்துக்குக் காதைப் பிடித்துக்கொண்டேன். தலையில் முடி இல்லை, காதுதான் இருக்கிறது. ஆமாம், மொட்டையடித்துவிட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள்: உங்கள் கொழுந்தன் இப்போது கைதி. சினிமாவில்தான்.

எனக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது, அண்ணி. இருபது வருடமாகப் பாலங்களைத் தகர்த்தாயிற்று, குதிரையிலிருந்து விழுந்தாயிற்று. இரண்டு முழங்காலும் மழை வருவதை ரேடியோவுக்கு முன்னால் சொல்கின்றன. ஆனாலும் நடிகன் என்று ஒருவனும் என்னைச் சொன்னதில்லை. ஒரு விமர்சகன் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும்: "வெலிமிரின் முகத்தைவிட அவர் குதிரையின் முகத்தில் உணர்ச்சி அதிகம்." ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்து தட்டை வீசி உடைத்தேன், அது யாருக்கும் தெரியாது.

இப்போது ஒரு இளம் டைரக்டர் வந்திருக்கிறான். சிரிக்கவே மாட்டான். சிறையைப் பற்றிய படம். குண்டு இல்லை, குதிரை இல்லை, நாலு சுவரும் என் முகமும்தான். எல்லாரும் அவனிடம், "இந்த ஆளை வச்சுக்கிட்டு அழவா வைக்கப் போறே?" என்று கேலி செய்தார்கள். முதல் வாரம் நானும் கட்டையாகத்தான் நின்றேன். அவன் தனியாகக் கூப்பிட்டு, "உண்மையா எதையாவது கொண்டு வா. உனக்குத் தெரிஞ்சதைக் கொண்டு வா" என்றான்.

கொண்டு போனேன். மிளகாய்ச் சரம்! கைதி அறையில் உட்கார்ந்து சரத்தைத் தடவுகிறான். வால் கீழே பார்த்த ஒரு மிளகாய் விரலில் படுகிறது. உடைக்கிறான். உள்ளே சுருட்டிய சீட்டு, மகள் எழுதியது. வசனமே இல்லை. நான் அழுத அழுகையில் விளக்குப் பிடிக்கிற ஆள்கூட மூக்கைச் சிந்தினான். டைரக்டர் எழுந்து வந்து என் மொட்டைத் தலையில் முத்தம் கொடுத்தான். படத்துக்கே உயிர் அதுதான் என்கிறார்கள்.

இந்தச் சந்தோஷத்தை முதலில் உங்களுக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. உங்கள் சமையலறையில் கிடைத்தது அல்லவா?

அண்ணனிடம் சொல்லுங்கள், பெருமைப்படுவான். படம் முடிந்ததும் கட்டாயம் போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் கையை முத்தமிடும்,
வெலிமிர்


லெஸ்கோவாட்ஸ்
26 நவம்பர் 1983

வெலிமிருக்கு,

உன் கடிதம் வந்தபோது மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். நின்றபடியே படித்தேன். வேலைக்குப் போகவில்லை. உனக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறதா?

அந்தக் காட்சியை எடுத்துவிடு. மீதியைப் படிக்கும் முன்பே இதைச் செய்.

உனக்குப் புரியவில்லை போலிருக்கிறது, எழுதுகிறேன். வாசலில் காவலர்கள் ரொட்டியைக் கிழிக்கிறார்கள். தொத்திறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். ஜாமுக்குள் கம்பியை விட்டுக் கலக்குகிறார்கள். புகையிலையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். மிளகாய்ச் சரத்தை மட்டும் தொடுவதில்லை, ஏனென்றால் அந்தக் காவலர்களின் வீட்டுக் கூரையிலும் அதேதான் தொங்குகிறது. நான் தபாலில் எழுதினால் பாதி வரிகளை மையால் அடித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும், உங்கள் அம்மா செத்த சேதியையும், நான் தனியாகப் படுக்க முடியாமல் அழுகிறேன் என்பதையும் அந்த மிளகாய்க்குள்தான் எழுதுகிறேன். அது என் ஒருத்தியின் விஷயமும் இல்லை. அந்த வரிசையில் நிற்கும் பெண்கள் அத்தனை பேருடையது. எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் யாகோதா. அவள் புருஷனும் உள்ளேதான் இருக்கிறான். "உன் வாயிலேர்ந்து வெளிய போச்சுன்னா, கொண்டையைப் பிடிச்சு அறுத்துடுவேன்டி" என்று சொல்லித்தான் சொல்லிக் கொடுத்தாள்.

உன்னிடம் ஏன் காட்டினேன்? நீ கொழுந்தன். மணப்பெண்ணைக் காப்பது கொழுந்தன் பொறுப்பு என்ற நம் வழக்கப்படி, என் கல்யாணத்தன்று என் அப்பா வீட்டு வாசலில் என் கையை உன்னிடம்தான் கொடுத்தார்கள். ஊரெல்லாம் குடித்துக் கும்மாளம் போட்டபோது, மாதா கோயில்வரை, பிறகு உங்கள் வீட்டு வாசல்வரை, அந்தக் கையை விடாமல் என்னைக் காவல் காத்தவன் நீ. பதினெட்டு வயது உனக்கு, சிறுநீர் கழிக்கக்கூடப் போகவில்லை. அந்தப் பையனிடம்தான் நான் காட்டினேன். விமர்சகனுக்குப் பதில் சொல்லத் துடிக்கும் நடிகனிடம் காட்டவில்லை.

காவலர்கள் படம் பார்க்க மாட்டார்களா? உள்ளே இருப்பவர்கள் பார்க்க மாட்டார்களா? நீ யாருடைய தம்பி என்பது அங்கே சுவருக்குக்கூடத் தெரியும். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர்கள் யாரைக் கேட்பார்கள்? அங்கே காட்டிக்கொடுத்தவனுக்கு என்ன நடக்கும் என்று உன் சிரிக்காத டைரக்டரிடம் கேள். அவர் வெளியே வர ஒரு வருடம்தான் இருக்கிறது.

வேறு எதையாவது வைத்து அழு. வெங்காயம் உரி.

தேசங்கா


பெல்கிரேட்
15 டிசம்பர் 1983

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கோபத்தைப் படித்து மூன்று முறை தண்ணீர் குடித்தேன். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவே இல்லை. யோசிக்காமல் குதிப்பதுதான் என் தொழில், அதற்குத்தான் இத்தனை வருடமும் சம்பளம் கொடுத்தார்கள்.

டைரக்டரிடம் பேசுகிறேன். படத்தொகுப்பு இன்னும் ஆரம்பிக்கவில்லை. அந்தக் காட்சி இருக்காது. வாக்குக் கொடுக்கிறேன், அண்ணி, எங்கள் அம்மா கல்லறைமேல் ஆணை.

நெவெங்காவுக்கு ஒரு கோட்டு அனுப்பியிருக்கிறேன். நீல நிறம். தோள் கொஞ்சம் பெரிதாக இருந்தால் மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். புது வருட வாழ்த்துகள். அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம்.

உங்கள் வெலிமிர்


கடற்கரையிலிருந்து
2 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கொடுத்துவிட்டார்கள்! சிறந்த நடிகர்! படவிழாவில், திறந்தவெளியில், நட்சத்திரங்களுக்குக் கீழே, ஆயிரக்கணக்கான பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த விமர்சகன், குதிரைக்காரன், என் மேஜைக்கு வந்து, "மன்னிச்சுக்கோங்க வெலிமிர், உங்களை நான் சரியாப் பார்க்கலை" என்றான். நான் அவனுக்கு ராக்கியாச் சாராயம் ஊற்றிக் கொடுத்தேன். அப்பா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். இருபது வருடம் கீழே விழுந்தவன் ஒரு நாள் எழுந்து நின்றான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காட்சி படத்தில் இருக்கிறது. நான் எவ்வளவோ கேட்டேன், டைரக்டர் ஒரேயடியாக மறுத்துவிட்டான். ஒப்பந்தம் அப்படி, நான் என்ன செய்ய முடியும்? ஆனால் நீங்கள் பயப்படும்படி ஒன்றும் இல்லை. படத்தில் சிறைக்குப் பெயர் கிடையாது. நான் எல்லாப் பேட்டியிலும், வேறு ஊரில் ஒரு வயதான கைதி அழுதுகொண்டே சொன்னான் என்றுதான் சொல்லியிருக்கிறேன். சினிமாவைப் பார்த்து யாராவது சட்டம் போடுவார்களா? ஜனங்கள் அழுதுவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விடுகிறார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் இங்கே கடலுக்கு வாருங்கள். அறை நான் எடுக்கிறேன்.

பாசத்துடன்,
வெலிமிர்


லெஸ்கோவாட்ஸ்
9 அக்டோபர் 1984

வெலிமிர்,

ஆகஸ்டில் நான் பதில் எழுதவில்லை. ஒன்றும் நடக்காமல் இருக்கட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நடந்துவிட்டது.

முதலில் உன் பொய்யை முடித்துவிடுகிறேன். நீ டைரக்டரிடம் கேட்கவே இல்லை. மில்லில் ஒருத்தி சினிமாப் பத்திரிகை கொண்டு வந்தாள், உன் மொட்டைத் தலை அட்டையில். உள்ளே நீயே சொல்லியிருக்கிறாய்: "படம் நீளமாக இருக்கிறது, மிளகாய்க் காட்சியை வெட்டலாம் என்றார்கள். என் பிணத்தின்மேல்தான் வெட்டுவீர்கள் என்றேன்." அவர்களாகவே வெட்ட வந்தார்கள்! நீ ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருந்தாலே போதும். அம்மா கல்லறைமேல் ஆணையிட்ட வாயால் போய்த் தடுத்திருக்கிறாய்.

இப்போது உள்ளே நடந்ததைக் கேள். யாகோதாவின் புருஷன் பார்த்தது, யாகோதா எனக்குச் சொன்னது.

சிறைக் கண்காணிப்பாளர் உன் ரசிகராம். உன் பெயரைப் பார்த்ததும், குதிரையும் பாலமும் இருக்கும் என்று நினைத்துப் படப்பெட்டியை வரவழைத்துவிட்டார். யாரும் முன்னால் போட்டுப் பார்க்கவில்லை. செப்டம்பர் இரண்டாவது சனிக்கிழமை கூடத்தில் போட்டார்கள். உன் அண்ணன் அன்று சவரம் செய்துகொண்டு, சட்டையைத் தண்ணீர் தெளித்து நீவிப் போட்டுக்கொண்டு, முன் வரிசையில் உட்கார்ந்தாராம். உன் பெயர் வந்ததும் வழக்கம்போல எழுந்து நின்றாராம். எல்லாரும் தட்டினார்கள். மிலுதின் விசில் அடித்தான். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள், படம் அப்படியே அவர்கள் வாழ்க்கை. "நம்ம கதைடா இது" என்று ஒருவன் அழுதானாம். பிறகு நீ மிளகாய்ச் சரத்தைக் கையில் எடுத்தாய்.

யாகோதாவின் புருஷன் சொன்னானாம், "அவன் அதை உடைக்கறதுக்குள்ள கூடத்துல ஒரு தலை திரும்புச்சு. அப்புறம் ஒவ்வொரு தலையா திரும்புச்சு. ஒருத்தனும் படத்தைப் பாக்கல. எல்லாரும் ஸ்தானிமிரத்தான் பாத்தாங்க" என்று. உன் அண்ணனை. சுவரோரம் நின்ற காவலர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். நீ திரையில் அழுதுகொண்டே இருந்தாயாம்.

மறுநாள் அறை அறையாகப் புகுந்து சரங்களை எல்லாம் மிதித்து நொறுக்கினார்கள். சீட்டு அகப்பட்டவர்கள் எல்லாரையும் தனி அறையில் போட்டார்கள். உன் அண்ணன் சரத்திலும் அகப்பட்டது, நெவெங்கா எழுதியது, தன் பள்ளி மதிப்பெண்களை எழுதியிருந்தாள். வருடக் கடைசியில் வெளியே வர இருந்தவர் இனி வர மாட்டார். முழுத் தண்டனை, 1987வரை. தனி அறையிலிருந்து வெளியே வந்த அன்று மிலுதினின் ஆட்கள் அவரைக் குளியலறையில் பிடித்து, வலது கை விரல்களை வாளி விளிம்பில் வைத்து உடைத்திருக்கிறார்கள். "தம்பிக்குச் சொன்ன வாயை விட்டுட்டோம், நன்றி சொல்லு" என்றானாம் மிலுதின். அதற்குப் பிறகு யாரும் அவரோடு பேசுவதில்லை. அவர் சாப்பிட்ட தட்டை யாரும் தொடுவதில்லை. இரவில் அவர் தூங்குவதில்லை, பயம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இழுத்துப் பார்த்தேன். "கதவுல மாட்டிக்கிச்சு" என்கிறார். வாசலில் காவலன் என் புதுச் சரத்தைக் காலடியில் போட்டுத் தேய்த்தான். எனக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒருத்திகூட என்னைப் பார்க்கவில்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உன்னைப் பேட்டி எடுக்கத்தான் வரிசையில் நிற்கிறார்களே, ஒருவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல். "வயதான கைதி யாரும் இல்லை. சிறையில் இருப்பவர் என் சொந்த அண்ணன். அவர் எனக்கு எதுவும் சொல்லவில்லை, ஐந்து வருடமாக நான் அவரைப் பார்க்கவே இல்லை. நான் இதை என் அண்ணியின் சமையலறையில் பார்த்தேன்." இவ்வளவுதான். என் பெயரையும் போடு. என்மேல் வழக்குப் போட்டால் போடட்டும். பத்திரிகை உள்ளே போகும், அவர்கள் படிப்பார்கள், அவரை விட்டுவிடுவார்கள்.

சீக்கிரம் செய். அவருக்கு இன்னொரு கை இருக்கிறது.

தேசங்கா


பெல்கிரேட்
5 நவம்பர் 1984

அண்ணி,

பத்து முறை எழுதிக் கிழித்தேன். அண்ணன் கையை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஆனால் நீங்கள் கேட்பதை யோசித்துப் பாருங்கள். அப்படி ஒரு பேட்டி கொடுத்தால் முதலில் மாட்டுவது நீங்கள். மில் வேலை போகும், நெவெங்கா என்ன ஆவாள்? உங்களைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை இல்லையா? என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன். கைதிகளோடு பழகி, அவர்கள் வாயிலிருந்து கேட்டு நடித்தேன் என்று நாடு முழுக்க எழுதிவிட்டார்கள். இப்போது போய் எல்லாம் பொய் என்றால், கிடைத்த மரியாதை ஒரே நாளில் போய்விடும். ஹங்கேரியில் ஒரு பெரிய படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், முழுக்க நடிப்பு. இந்த வயதில் இன்னொரு வாய்ப்பு எனக்கு வராது.

வேறு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அமைச்சகத்தில் எனக்கு ஒருவரைத் தெரியும். அண்ணனை வேறு சிறைக்கு மாற்றிவிடலாம் என்கிறார், சத்தமில்லாமல், ஒரே வாரத்தில். சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள்.

என்னை வெறுக்காதீர்கள்.

வெலிமிர்


லெஸ்கோவாட்ஸ்
4 டிசம்பர் 1984

வெலிமிர்,

சத்தமில்லாமல் மாற்றுவாயாம்! அலுவலகம் ஒருவனைச் சத்தமில்லாமல் வேறு சிறைக்கு மாற்றினால் அவன் யார் என்று அர்த்தம்? காட்டிக்கொடுத்தவனைத்தான் அப்படி மாற்றுவார்கள். அவர் போய்ச் சேரும் முன்பே அந்தப் பெயர் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். மூன்று மாதம் கைதி வேஷம் போட்டாயே, இதுகூடவா தெரிந்துகொள்ளவில்லை?

உன்னை இனிக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. நானே செய்துவிட்டேன்.

நவம்பரில் அவரைப் பார்த்தபோது கேட்டேன். வெலிமிர் என் சமையலறையில் பார்த்தான் என்பது உங்களுக்குத் தெரியுமே, அவன் சீட்டே சரத்தில் வந்ததே, அதை மிலுதினிடம் சொல்லியிருந்தால் விரலாவது மிஞ்சியிருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று. அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீ அந்தப் பொம்பளைங்களோட வரிசையில நிக்கணுமே, தேசா." இவ்வளவுதான் சொன்னார். இரண்டு மாதமாக அடி வாங்கிக்கொண்டு, நான் அந்த வரிசையில் நிம்மதியாக நிற்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். உனக்கு அதே வேஷத்துக்குத்தான் பரிசு கொடுத்தார்கள். படத்தில் நீயும் அடி வாங்கி, வாயைத் திறக்க மாட்டாய். நான் பார்த்தேன், உள்ளூர்த் தியேட்டரில், கடைசி வரிசையில் உட்கார்ந்து.

வீட்டுக்கு வரும் பஸ் முழுவதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்த ஆத்திரத்தோடு ஒரு மாதம் வேலைக்குப் போனேன், சமைத்தேன், பிள்ளைக்குத் தலை வாரினேன். நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் கூடம் நிரம்பி வழிந்தது. மிலுதினைப் பார்க்க அவன் அக்கா வந்திருந்தாள். நான் நாற்காலிமேல் ஏறி நின்றேன். இந்த வயதில், இந்த உடம்போடு. "கேளுங்க எல்லாரும்! மிளகா விஷயத்தை வெளிய விட்டது நான்! ஸ்தானிமிரோட பொண்டாட்டி! அந்த நடிகன் என் வீட்டுல தின்னுட்டு, என் கையைப் பாத்துட்டுப் போயி சினிமா எடுத்தான். என் புருஷன் ஒரு வார்த்தை சொல்லல. என்னைக் காப்பாத்தறதுக்காக விரலை ஒடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. யாருக்குக் கோபமோ இங்க வந்து என் விரலை ஒடிங்க!" என்று கத்தினேன். காவலர்கள் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள், ஒருவனைக் கடித்துவிட்டேன்.

யாகோதா என் முகத்தில் துப்பினாள். துப்பட்டும். அதற்கு அவளுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் கதவுவரை இழுத்துக்கொண்டு போகும்போது நான் திரும்பிப் பார்த்தேன். மிலுதின் எழுந்து போய் உன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, சிகரெட் ஒன்றைத் தானே பற்றவைத்து அவர் வாயில் வைத்தான். உடைந்த விரலால் பிடிக்க முடியாது அல்லவா? அதைப் பார்த்த பிறகு என்னை எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மில்லில் என்னை எச்சரித்துக் கீழ் வேலைக்கு இறக்கிவிட்டார்கள். ஒரு வருடத்துக்குச் சிறை வாசலை மிதிக்கக் கூடாது என்று உத்தரவு. நெவெங்காவைப் பெரியவர்கள் துணை இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள்.

ஐந்து வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இந்தத் தண்டனைக்குக் காரணமான அன்று சாராயக் கடையில் உன் அண்ணன் அந்த மனிதனை ஏன் தள்ளினார் என்று நீதிமன்றத்தில்கூட அவர் சொல்லவில்லை. என்னையும் சொல்லக் கூடாது என்றார். அந்த ஆள் உன்னைப் பற்றிச் சொன்னான்: "உன் தம்பி வெறும் பொம்மை. அடி வாங்கறதெல்லாம் வேற எவனோ, மூஞ்சி மட்டும்தான் இவனோடது." அந்த வார்த்தைக்குத்தான் தள்ளினார். அவன் அடுப்பு விளிம்பில் விழுந்து செத்தான். உனக்காகக் கொலைகாரன் ஆனார். இப்போது எனக்குத் தோன்றுகிறது, செத்தவன் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது?

இன்னொன்று. என்னை இழுத்துக்கொண்டு போகும்போது உன் அண்ணன் எழுந்து வந்து சொன்னது. "கத்தாத தேசா, தொண்டை போயிடும்" என்றார். பிறகு, அந்த ரகளைக்கு நடுவில், "ஆனா நல்லா நடிச்சிருக்கான், இல்ல?" என்றார். சிரித்துக்கொண்டே கேட்டார், வெலிமிர். நான் பதில் சொல்லும் முன்பு கதவைச் சாத்திவிட்டார்கள்.

எனக்கு அனுமதி இல்லை. உனக்கு உண்டு, நீ உடன்பிறந்தவன். ஜனவரி முதல் ஞாயிறு, ஆறாம் தேதி. நெவெங்காவை யாகோதா வாசல்வரை கூட்டி வருவாள், பெரியவர்கள் சண்டையில் பிள்ளைக்கு என்ன என்று ஒப்புக்கொண்டாள். அவள் உன் முகத்திலும் துப்பலாம். துடைத்துக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே போ. நீ வருகிறாய் என்று அவருக்குக் கடிதம் போட்டுவிட்டேன்.

தேசங்கா


லெஸ்கோவாட்ஸ்
9 ஜனவரி 1985

நீ வரவில்லை.

நெவெங்கா பனியில் வாசலில் நின்றாள், நீ அனுப்பிய நீலக் கோட்டுதான் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கார் வரும்போதும் நடுரோட்டுக்கு ஓடினாளாம். கடைசியில் மிலுதினின் அக்கா, "எம் பொண்ணுதான், விடுங்க" என்று காவலனிடம் சண்டை போட்டு உள்ளே கூட்டிப் போயிருக்கிறாள். உலகமே பார்த்து நடுங்கும் ஒருவனின் அக்கா.

உள்ளே அவர் இடது கையாலேயே சவரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம், கன்னத்தில் வெட்டுக் காயம். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, யார் கேட்டாலும் கொடுக்கவில்லை. மணி அடித்து எல்லாரும் எழுந்த பிறகும் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். நெவெங்கா அழுதிருக்கிறாள். அவர் அவள் தலையைத் தடவி, "அழாத. ஷூட்டிங் இருந்திருக்கும் அவனுக்கு" என்று சொன்னாராம்.

வந்து அப்படியே என்னிடம் சொன்னாள். கோட்டைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை.

இனி உன் கடிதம் வந்தால் வாங்க வேண்டாம் என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

தேசங்கா